மெகி வோக்கரின் சதக்காசு வங்கி: எது உண்மை, எங்கட சங்கத்துக்கு எதை எடுக்கலாம்?

கல்லடி_வாசகி

எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கத்தில ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில அமெரிக்காவின் மெகி லீனா வோக்கரைப் பற்றி அரை மணித்தியாலம் பேசக் கேட்டிருக்காங்க. சங்கத்தில 120 பேர். சுழற்சிக் கடன் ஓடுது. மரண உதவி தொடங்கப் போறாங்க. பிள்ளைகளுக்கு உண்டியல் சேமிப்பும் யோசனையில இருக்கு.

பேஸ்புக்கில சுத்துற படத்தில "உலகின் முதல் பெண் வங்கித் தலைவி, அடிமையாகப் பிறந்தவர், தனியொருத்தியாக வங்கி கட்டியவர்" எண்டு போட்டிருக்கு. மூன்றும் சரியா? அவ எந்த வரிசையில வேலை செய்தா, எங்க தோத்தா, சங்கக்காரருக்கு உருப்படியா எதைச் சொல்லலாம்? ஊக்கப் பேச்சு வேண்டாம், அதுக்கு வேற ஆள் வருது. கணக்கு வழக்குத் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்க.

வாவிக்கரை

தங்கச்சி, அந்தப் படத்தைக் கூட்டத்தில் காட்டிப்போடாதீங்க. மூன்றும் பிழை.

அடிமையாக இருந்தவர் தாய் எலிசபெத் டிரேப்பர். மெகி பிறந்தது 1864 யூலை 15, வேர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிய இன்னும் ஒரு வருசம் கிடந்தது, அப்போது ரிச்மண்ட்தான் தெற்கத்திக் கூட்டமைப்பின் தலைநகர். தாய் சமையலுக்கு நின்ற வீடு எலிசபெத் வான் லூ என்ற வெள்ளைக்காரப் பெண்ணுடையது. அந்த அம்மா அதே நகரத்தில் இருந்துகொண்டு எதிர்ப்பக்கமான வடக்குப் படைக்கு உளவு பார்த்தவர்.

உலகின் முதல் பெண் என்பதும் சரியில்லை. அமெரிக்காவிலேயே அவருக்கு முன்னர் வங்கித் தலைமையில் வெள்ளையினப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். வங்கிக்கு அரச பட்டயம் எடுத்துத் தலைவியாக இருந்த முதல் கறுப்பினப் பெண் என்று சொல்லுங்கள், யாரும் மறுக்க முடியாது.

தனியொருத்தியும் இல்லை. அவருக்குப் பின்னால் "இண்டிபென்டன்ட் ஓடர் ஒஃப் சென் லூக்" என்ற சங்கம் இருந்தது. 1867இல் போல்ற்றிமோரில் மேரி பிரவுட் என்ற கறுப்பினப் பெண் தொடங்கியது. வருத்தக்காரரைப் பார்ப்பது, செத்தவீட்டுச் செலவுக்குக் கொடுப்பது, இதுதான் அதன் வேலை. எங்கட ஊர் மரண உதவிச் சங்கத்துக்குக் கிட்டத்தட்ட அதே அமைப்பு, கிளை கிளையாக.

மாற்றாந்தகப்பன் வில்லியம் மிச்செல் ஹோட்டலில் தலைமைப் பரிமாறுநர். 1876இல் ஆற்றில் பிணமாகக் கிடந்தார். அதுக்குப் பிறகு தாய் வெள்ளைக்கார வீடுகளின் உடுப்புத் துவைத்துக் குடும்பத்தைப் பார்த்தார், துவைத்த கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது மெகி. 14 வயதில் சங்கத்தில் சேர்ந்தார். 1883இல் படிப்பு முடித்து ஆசிரியை. 1886இல் ஆர்ம்ஸ்டெட் வோக்கரைக் கட்டினதோட வேலை போயிற்று, கலியாணம் முடித்த பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கமாட்டார்கள் அப்போது. 1895இல் சங்கத்துக்குள் பிள்ளைகள் பிரிவு தொடங்கினார். 1899இல் செயலாளர்.

இந்த 1899ஐத்தான் கரும்பலகையில் எழுதிவைத்துப் பேச வேண்டும். அவர் பொறுப்பெடுத்த அன்று சங்கப் பெட்டியில் 31 டொலர் 61 சதம், கடன் 400 டொலர், உறுப்பினர் 1,080 பேர். முந்தின செயலாளருக்கு வருசம் 300 டொலர் சம்பளம், இவர் ஏறக்குறைய 100க்கு ஒத்துக்கொண்டார். 25 வருசம் கழித்து 1924இல் ஒரு லட்சம் உறுப்பினர். வங்கியை முதலில் திறந்துவிட்டு ஆட்களைத் தேடவில்லை. முதல் நாலு வருசம் ஆட்களையும் நம்பிக்கையையும் சேர்த்தார், 1902இல் "சென் லூக் ஹெரால்ட்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார், 1903 நவம்பர் 2இல்தான் "சென் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க்" கதவு திறந்தது.

பேரேடு

வாவிக்கரை அண்ணன் சொன்ன வரிசை சரி. வங்கி வேலையின் உள்பக்கம் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

தொழில் தெரியாமல் அவர் இறங்கவில்லை. ரிச்மண்டில் இருந்த மேர்ச்சன்ற்ஸ் நஷனல் பேங்க் என்ற வெள்ளையர் வங்கிக்குப் போய் மணித்தியாலக் கணக்கில் உட்கார்ந்து நடைமுறையைப் பார்த்துப் படித்தார். காசாளராக எமெட் பேர்க் என்பவரை வைத்தார். தலைவி மேலிருந்து நடத்த, கணக்கைத் தெரிந்த ஒருவர் கையில் பேரேடு இருக்கிற ஏற்பாடு இது.

திறந்த அன்று ஏறக்குறைய 280 பேர் காசு வைத்தார்கள், வைப்பு 8,000 டொலருக்கு மேல். பங்கு விற்றது வேறாக 1,247 டொலர். ஒருவர் 31 சதத்தோடு வந்து கணக்குத் திறந்ததாகப் பதிவு இருக்கிறது. 8,000ஐ 280ஆல் பிரித்தால் ஆளுக்கு 28 டொலருக்கு மேல் வரும், துவைக்கிற பெண்ணுக்கு அது லேசில் சேர்கிற தொகை இல்லை. அப்படியென்றால் சில பெரிய வைப்புகளும் நிறையச் சின்ன வைப்புகளும் கலந்து வந்திருக்க வேண்டும். "சதக்காசிலேயே வங்கி கட்டினார்" என்று மட்டும் சொன்னால் இந்த அரைவாசி மறைந்துபோகும். சின்ன வைப்பு ஆட்களைச் சேர்க்கிறது. கடன் கொடுக்கிற பலத்துக்குப் பங்கு முதலும் பெரிய வைப்பும் வேண்டும். எங்கட சங்கங்களில் கிழமைக்கு 50 ரூபாய் கட்டுகிறவர்களை நம்பி 2 லட்சம் கடன் எழுதுகிற இடத்தில்தான் நூல் அறுகிறது.

கடன் எங்கே போனது? வீட்டுக்கு. 1920 அளவில் அந்த வங்கியின் உதவியோடு கறுப்பினக் குடும்பங்கள் 645 வீடுகளின் கடனை முழுசாக அடைத்து முடித்திருந்தன. ஈடு உள்ள கடன், நீண்ட காலம், தவணை. ஈடு இல்லாமல் அள்ளிக் கொடுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அதே ரிச்மண்டிலேயே பார்க்கலாம். "ட்ரூ ரிஃபோமர்ஸ்" என்ற கறுப்பினச் சகோதரச் சங்கத்தின் வங்கி 1889இல் திறந்தது. வில்லியம் வோஷிங்டன் பிரவுன் தொடங்கியது, 1893 நிதி நெருக்கடியைக்கூடத் தாண்டியது. 1910இல் விழுந்தது. காரணம் இரண்டு: சங்கத்தின் சொந்தத் தொழில்களுக்கே ஈடில்லாமல் கடன், அதுக்கு மேல் காசாளர் கையாடல்.

அதே 1910இல் வேர்ஜீனியாவில் சட்டம் வந்தது, சகோதரச் சங்கமும் வங்கியும் வேறு வேறாக இருக்க வேண்டும், கணக்காய்வு நடக்க வேண்டும் என்று. அடுத்த வருசம் வங்கி சங்கத்திலிருந்து பிரிந்து "சென் லூக் பேங்க் அண்ட் ட்ரஸ்ட் கொம்பனி" ஆனது. அதுதான் வங்கியைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகும் அது நின்றது. பெரிய மந்தம் தொடங்கின நேரத்தில் ரிச்மண்டின் மற்றக் கறுப்பின வங்கிகளோடு சேர்த்து 1930இல் "கொன்சோலிடேற்றட் பேங்க் அண்ட் ட்ரஸ்ட்" ஆக்கினார்கள், மெகி பணிப்பாளர் சபைத் தலைவி. அந்தப் பெயரோடு 2005இல் வேறொரு வங்கிக் குழுமம் வாங்கும்வரை சொந்தக் காலில் நின்றது.

உங்கள் சங்கத்துக்கு இதை நேரே மாற்றிச் சொன்னால்: சுழற்சிக் கடன், மரண உதவி, பிள்ளைகள் சேமிப்பு மூன்றுக்கும் மூன்று வங்கிப் புத்தகம், மூன்று காசேடு. ஒரே புத்தகத்தில் போட்டு "பிறகு பிரிப்போம்" என்றால் முதல் செத்தவீட்டுக்கே கடன் நிதியில் கை வைக்க வேண்டி வரும். கையொப்பம் மூன்று பேரில் இருவர், அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. பொருளாளரிடம் கையில் நிற்கக்கூடிய காசுக்கு ஒரு உச்சவரம்பு கூட்ட அறிக்கையில் எழுதி வையுங்கள், மிச்சம் அடுத்த வேலை நாள் வங்கிக்கு. உறுப்பினர் கையில் உள்ள பாஸ்புத்தகமும் சங்கப் பேரேடும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். களவு பிடிபடுகிறது பெரும்பாலும் இந்த ஒப்பிடலில்தான், வருட முடிவுக் கணக்காய்வில் இல்லை.

இன்னொன்று. உறுப்பினர் இல்லாதவரிடம் வைப்பு வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு எடுப்பது 2011ஆம் ஆண்டு 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி குற்றம். சேமிப்பைப் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவது ஒழுங்கான வழி. பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கூட்டுறவு அலுவலகத்தையும் ஒன்றாகக் கேளுங்கள், தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டிவிடுவார்.

தறி_மருதமுனை

அஸ்ஸலாமு அலைக்கும். தோத்த பகுதியை ஒருத்தரும் தொடல்ல, அதை நான் எழுதுறன்.

1905இல் மெகி வோக்கர் ரிச்மண்ட் புரோட் வீதியில "சென் லூக் எம்போரியம்" எண்டு ஒரு பெரிய கடை திறந்தா. துணி, உடுப்பு, தொப்பி, சாமான். நோக்கம் ரெண்டு. ஒண்டு, வெள்ளைக்காரக் கடையில காசு கொடுத்தும் மரியாதை இல்லாம நிக்கிற ஆக்களுக்கு ஒரு இடம். மத்தது, கறுப்பினப் பெண்களுக்கு கடை வேலை. அப்ப அவங்களுக்குக் கிடைச்சதெல்லாம் வீட்டுவேலையும் துவைக்கிற வேலையும்தான். ஏழு வருசம்கூட ஓடல்ல, மூடிட்டாங்க.

ஏன்? வெள்ளைக்கார வியாபாரிகள் சேர்ந்து முதல்ல கட்டிடத்தைக் கூடின விலைக்கு வாங்கப் பார்த்தாங்க, சரிவரல்ல. மறுகா மொத்த வியாபாரிகளை நெருக்கினாங்க, இந்தக் கடைக்குச் சரக்குக் கொடுத்தா எங்களுக்குத் தர வேணாம் எண்டு. சரக்கு வாற வழி மத்தவன் கையில இருந்தா கடை உங்கட பேரில இருந்தும் பிரயோசனம் இல்ல. அதோட சொந்த ஆக்களும் விலை கொஞ்சம் குறைஞ்ச பக்கமே போனாங்க. மெகியே அதை மேடையில வைச்சுக் கண்டிச்சுப் பேசியிருக்கா.

ராத்தாமார், தங்கச்சிமார் சேர்ந்து சங்கக் கடை, தையல் நிலையம் எண்டு தொடங்கிற இடத்தில எல்லாம் இந்த இடத்தைக் கவனியுங்க. கைத்தறியை எடுங்க. சாறனும் சாறியும் நெய்யிற கை இங்க இருக்கு, நூலும் சாயமும் வெளியில இருந்து வருது. ஒரே வியாபாரியிட்ட நூலைக் கடனுக்கு எடுத்து, நெய்ததை அவரிட்டயே குடுத்தா விலையை அவர்தான் சொல்லுவாரு. ஆகக் குறைஞ்சது ரெண்டு இடத்தில நூல் வாங்கிற பழக்கம் வேணும், ஒண்டுக்காவது கைக்காசு. மூணு மாச நூலுக்குக் காசு ஒதுக்கி வைக்காம கடைக்கு போட் அடிக்காதீங்க.

எம்போரியத்தில நட்டம் வந்தும் வங்கி விழல்ல எண்டதையும் சொல்லுங்க. ட்ரூ ரிஃபோமர்ஸ் விழுந்தது சொந்தத் தொழிலுக்கு வங்கிக் காசைத் திறந்துவிட்டதால எண்டு பேரேடு அண்ணன் மேல எழுதியிருக்கார்தானே, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டினா ஆக்களுக்கு விளங்கும்.

கல்லடி_வாசகி

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரெண்டு கேள்வி மிச்சம். மரண உதவிக்கு மாதம் 100 ரூபாய் எடுத்து ஒரு மரணத்துக்கு 25,000 குடுக்கிற யோசனை. உறுப்பினர், புருசன், பிள்ளைகள், ரெண்டு பக்கத்துத் தாய் தகப்பன் எல்லாரும் அடக்கம். காணுமா? மற்றது, பிள்ளைகள் உண்டியலை மெகி எப்படி நடத்தினா?

பேரேடு

காணாது. 120 பேர், மாதம் 100 என்றால் வருசம் 1,44,000. 25,000 வீதம் ஐந்து மரணத்துக்கு 1,25,000 போக 19,000 மிச்சம். ஆறாவது மரணத்தில் 6,000 துண்டு விழும்.

வருசத்தில் எத்தனை வரும் என்று பாருங்கள். உறுப்பினரையும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஆறு பேர் என்றே வைத்தாலும் 720 உயிர். இலங்கையின் பொதுவான இறப்பு வீதம் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஏழு, எட்டு. அப்படிப் பார்த்தால் ஐந்து, ஆறு மரணம், மட்டுமட்டாகச் சரிக்கட்டும் என்று தோன்றும். ஆனால் இது பொதுச் சனத்தொகை இல்லை. நாலு கிழவன் கிழவியைப் பின்னால் கொண்டுவருகிற 30, 40 வயதுப் பெண்கள். எட்டு, பத்து வந்தாலும் வியப்பில்லை. பத்து வந்தால் 2,50,000 வேண்டும்.

செய்யக்கூடியது: உறுப்பினரும் புருசனும் பிள்ளைகளும் 25,000, தாய் தகப்பன் மாமன் மாமிக்கு 10,000. புதிதாய்ச் சேருகிறவருக்கு ஆறு மாதக் காத்திருப்பு, விபத்து மரணத்துக்கு மட்டும் காத்திருப்பு இல்லை. இந்தக் காத்திருப்பு இல்லாத இடத்தில் தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் ஆட்கள் சேர வருவார்கள். சகோதரிகள் இருவர் உறுப்பினர் என்றால் ஒரே தாய்க்கு இரண்டு தரம் கொடுப்பதா, ஒரு தரமா? அதை இப்போதே எழுதி வையுங்கள். செத்தவீட்டு முற்றத்தில் நின்று அதைத் தீர்க்க முடியாது. முதல் வருசம் பெரிய தொகை அறிவிக்காமல் 15,000இல் தொடங்கி, வருட முடிவில் மிச்சத்தைப் பார்த்துக் கூட்டுவது நல்லது. கூட்டலாம், குறைக்க விடமாட்டார்கள்.

வெள்ளாமை_அக்கரைப்பற்று

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு இடத்தில எனக்கு உடன்பாடில்லை. மெகி வோக்கரை வெறும் சிக்கனக்காரியாக் காட்டினா அவவைப் பாதி வெட்டின மாதிரி. 1904இல் ரிச்மண்ட் டிராம் வண்டியில கறுப்பினத்தவர் வேற இடத்தில இருக்கணும் எண்டு டிராம் கொம்பனி விதி போட்டது. அவட "ஹெரால்ட்" பத்திரிகையும் ஜோன் மிச்செல் நடத்தின "ரிச்மண்ட் பிளானட்"டும் "ஏறாதீங்க, நடங்க" எண்டு எழுதிச்சு. சனம் நடந்தது, கொம்பனி வங்குரோத்து. ஆனா 1906இல அரசாங்கமே பிரிச்சு இருத்துறதைச் சட்டமாக்கிட்டு. காசுப் பலம் கொம்பனியை விழுத்தும், வாக்கு இல்லாட்டி சட்டத்தை விழுத்தாது. அதனாலதான் பின்னால 1917இல் ரிச்மண்டில கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் கிளை தொடங்கிறதில முன்னுக்கு நிண்டா, 1921இல் மாநிலக் கல்வி அதிகாரி பதவிக்குப் போட்டியும் போட்டா. வெல்லல்ல.

பிறகு, அவவுக்கு வங்கி வேணும், ஏனெண்டா வெள்ளையர் வங்கி இந்த ஆக்களை மதிக்கல்ல. எங்களுக்கு வங்கிக் கிளைக்குக் குறைவில்ல. எங்கட இடத்தில பிரச்சினை கடன் கிடைக்காதது இல்ல, ஒரே வீட்டில நாலு இடத்துக் கிழமைக்கட்டு. வெள்ளாமை வீட்டில காசு வாறது பெப்ரவரி, மார்ச்சில மாரி வெள்ளாமை வெட்டினாப் பிறகு, மறுகா சிறுபோகம் முடியத்தான். அந்த வீட்டுக்குக் கிழமைக்குக் கிழமை கட்டு வைச்சா ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கிறதைத் தவிர வழியில்ல. சங்கக் கடனுக்கு வட்டியை மாதம் வாங்குங்க, முதலை அறுவடைக்கு வைங்க. கடன் விண்ணப்பத்தில "வேறு எங்கே கடன், மாதக் கட்டு எவ்வளவு" எண்டு ஒரு வரி கட்டாயம். பிணையாளி ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பிணை நிக்கிறாங்களா எண்டும் பாருங்க, அப்பிடி நிண்டா பிணையே இல்லாத மாதிரி.

வீட்டுக்கடன் கதையைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. எங்கட பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாப் போறது வழக்கம், உறுதி அவட பேரில இருக்கும், அதால வீட்டை ஈடு வைச்சுக் கடன் எண்டது கேட்க லேசாத் தெரியும். ஆனா குடியேற்றத்திட்டக் காணிகள் நிறைய அனுமதிப்பத்திரத்தில, அளிப்புப் பத்திரத்தில கிடக்கு. அதை நினைச்ச மாதிரி ஈடு வைக்க ஏலாது, பிரதேச செயலகத்தில கேட்காம கையெழுத்து வாங்கினா அந்த ஈடு செல்லாம போகலாம். தாய் பேரில உறுதி இருந்து மகள் கடன் எடுத்தா தாயும் வந்து ஒப்பம் வைக்கணும்.

வாவிக்கரை

அக்கரைப்பற்றுக்காரர் சொன்னது நியாயம், டிராம் பகுதியைக் கட்டாயம் சேருங்கள்.

அவருடைய சொந்த வாழ்க்கையையும் கேட்பார்கள், அதில் கவனம். 1915இல் மூத்த மகன் ரசல் இரவில் வீட்டுக்குக் கள்ளன் வந்ததென்று நினைத்துச் சுட்டது தகப்பனை. வழக்கு நடந்தது, விடுதலையானார், 1923இல் அவரும் இறந்துபோனார். பலர் இதை விறுவிறுப்பான கதையாக்கிவிடுகிறார்கள். இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு, அந்த வருசங்களிலும் வங்கிப் பேரேடு நிற்கவில்லை என்பதற்கு வாருங்கள். முழங்கால் முறிவில் தொடங்கிக் கடைசி வருசங்களில் சில்லுக்கதிரையில்தான் இருந்தார். கிழக்கு லீ வீதி வீட்டுக்குள் மின்தூக்கி பொருத்தி வேலைக்குப் போனார். 1934 டிசம்பர் 15இல் மறைவு. அந்த வீடு இப்போது தேசிய வரலாற்றிடம். 2017இல் ரிச்மண்டில் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

உண்டியல் கேள்விக்கு: பிள்ளைகளுக்குச் சின்ன அட்டைப் பெட்டி கொடுத்தார்கள். நூறு சதம் சேர்ந்ததும் அந்த ஒரு டொலரை வங்கிக்குக் கொண்டுவந்து பிள்ளையின் பேரில் கணக்குத் திறப்பது. பெட்டி வீட்டில் கிடந்து நிறைய நிறைய வைத்திருப்பதில்லை, இலக்குச் சின்னது, எட்டினதும் கணக்குக்குப் போய்விடும். அதே மாதிரி 500 ரூபாயை எல்லையாக வையுங்கள். பெரிய மண் உண்டியல் வேண்டாம், மூன்று மாதத்தில் தாய் குச்சிவிட்டு எடுத்துவிடுவார், தாயைக் குறை சொல்லவும் முடியாது. திறக்கிற அன்று பிள்ளையும் தாயும் முன்னால் இருக்க இரண்டு பேர் எண்ண வேண்டும். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் பிள்ளையின் புத்தகத்தில் எழுதி, பிள்ளையே தன் பெயரை எழுத வேண்டும். கணக்கை நேரே வங்கியில் சிறுவர் கணக்காகத் திறந்துவிடுங்கள். உங்கள் சங்க உபவிதியில் சிறுவர் சேமிப்புக்கு இடம் இல்லையென்றால் அந்தக் காசு ஒரு இரவுகூடச் சங்கப் பெட்டியில் கிடக்கக் கூடாது.